தாழைமேட்டில் ஒன்றுமில்லை

"ஒண்டும் இல்ல தம்பி. வெறும் மணல். தாழம்பத்தை. நாய் படுக்கிற இடம்."

கல்முனைக்குடிக் கடற்கரையில், தாழைமேட்டின் அடியில் நின்றுகொண்டு முகைதீன்பாவா இப்படிச் சொன்னார். அவருடைய மனைவி பாஹிமா அந்த மணலுக்குள்தான் இருந்தார். கடல் ஊருக்குள் புகுந்த அந்த மார்கழியில் அவரே தன் கையால் குழியில் இறக்கி வைத்த மையத்து அது.

இவர் என்ன மனிதர் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒருவன் பொய் சொல்கிறான் என்றால், அதற்கு முன் அவன் உண்மை சொன்ன இடத்தில் அவனுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்கு எந்த அரசாங்கப் படிவத்திலும் இடம் கிடையாது.

முகைதீன்பாவா நீண்ட காலம் வட்டவிதானையாக இருந்தவர்; ஊர்வாயில் 'வட்டான'. ஒரு கண்டத்து வயல்காரர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்து, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வேலையை அவரிடம் கொடுப்பார்கள். வரம்பை வெட்டித் தண்ணீர் திருடுகிறவனோடு சண்டை பிடிப்பதும், மதகைத் திறக்காத உத்தியோகத்தரின் கந்தோரில் போய்க் குந்தியிருப்பதும் அந்த வேலையில் அடங்கும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரம்பில் நடந்தபடியே ஏசுவார். தன் வயலுக்குத்தான் கடைசியாகத் தண்ணீர் விடுவார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அதை நேர்மை என்பதைவிட, பழிச்சொல் வந்துவிடுமோ என்ற பயம் என்பதே சரி. பயத்தினால் நேர்மையாக இருக்கிறவர்களும் உலகத்துக்குத் தேவைதான்.

அவருடைய சொந்த வயல் மேற்கே, மலையடிப் பக்கம். ஒரு பெரும்போக உழவின்போது உழவு இயந்திரத்தின் கலப்பை எதிலோ மோதி நின்றது. தோண்டிப் பார்த்தால் செங்கற்கள். இந்தக் காலத்துக் கல் இல்லை. அகலமும் கனமுமான பழைய கல். பக்கத்து வயல்காரர்களுக்கும் அந்தக் கல் பட்டிருக்கிறது. அவர்கள் இரவோடிரவாகப் பொறுக்கி வாய்க்காலில் போட்டுவிட்டு உழவைத் தொடர்ந்தார்கள். முகைதீன்பாவா இரண்டு கல்லைக் கழுவி, பசளைப் பையில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கந்தோருக்குப் போனார். படித்தவர்கள் இதை அறிய விரும்புவார்கள் என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

தேநீர் கொடுத்தார்கள். நாட்டுக்குச் செய்த சேவை என்றார்கள். பிறகு ஒரு ஜீப் வந்தது. வயலைச் சுற்றி எல்லைக் கயிறு பிடித்தார்கள். தொல்பொருள் இடம் என்று ஒரு பலகை அடித்தார்கள். முடிவு வரும் வரைக்கும் உழக் கூடாது என்றார்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. கல்லை வாய்க்காலில் போட்டவர்கள் போகத்துக்குப் போகம் அறுக்கிறார்கள். கல்லைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தவரின் வயலில் ஆளுயரத்துக்குப் புல் நிற்கிறது. அவர் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். "ஃபைல் மேல போயிரிக்கி" என்றார்கள். எல்லா இடத்திலும் தேநீர் மட்டும் தவறாமல் கிடைத்தது.

பழைய செங்கல்லைக் காக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காக்கத்தான் வேண்டும். ஆனால் சொன்னவனைத் தண்டித்து, சொல்லாதவனுக்கு அறுவடை கொடுக்கும் காவல் எதைக் காக்கிறது? அந்த வாய்க்காலில் கிடக்கும் கற்களைக் கேட்டால் தெரியும்.

வயல் போன பிறகு அவருக்கு மிஞ்சியது மகளின் வீடு. இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. தகப்பன் உயிரைக் கொடுத்துக் கட்டுவான். உறுதியை மகளின் பேரில் எழுதுவான். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வான். முகைதீன்பாவாவும் விளைச்சல் நன்றாக இருந்த காலத்தில் மகள் றாஹிலாவுக்காகத் தாழைமேட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டினார். மருமகன் கட்டாரில். மனைவியின் வீட்டைக் கடல் கொண்டுபோனதால், தான் கட்டிய வீட்டிலேயே மகளின் விருந்தாளியைப் போல அவர் இருக்கிறார். முன்னறையில் ஒரு கட்டில். சன்னலைத் திறந்தால் மேடு தெரியும்.

தாழைமேடு என்பது கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் எழும்பி நிற்கும் நீண்ட மணல் திட்டு. தாழையின் வேர் பிடித்து வைத்திருப்பதால் மணல் ஓடுவதில்லை. சுனாமி வந்த காலையில் அதன் மேல் ஏறியவர்கள் பிழைத்தார்கள். சின்னப் பிள்ளையான றாஹிலாவைத் தோளில் போட்டுக்கொண்டு முகைதீன்பாவா ஏறினார். பின்னால் வந்த பாஹிமா ஏறவில்லை. தண்ணீர் வற்றிய பிறகு, மேட்டின் அடியில் கிடைத்த மையத்துகளை மேலேயே அடக்கினார்கள். அதற்கு முன்பும் அங்கே கபுறுகள் இருந்தன. கடல் முருகைக்கல்லில் செதுக்கிய, எழுத்துத் தேய்ந்துபோன மீசான்கள் சில, தாழைக்குள் சாய்ந்து நின்றன. பாய்க்கப்பலில் வந்தவர்களுடையவை என்பார்கள். சரியாக யாருக்கும் தெரியாது.

இந்த ஊரில் கபுறின் மேல் எதுவும் கட்டுவதில்லை. மணலைக் குவித்து, தலைமாட்டில் ஒரு மீசான் நடுவார்கள்; கல்லோ மரமோ, அவ்வளவுதான். பாஹிமாவுக்கு முகைதீன்பாவா நட்டது உடைந்த தோணியொன்றின் பலகைத் துண்டு. அடையாளத்தை எடுத்துவிட்டால் கபுறு இருந்த இடம் வெறும் மணலாகிவிடும். இது அடக்கமான, நல்ல வழக்கம். ஒளிப்பதற்கும் மிக வசதியான வழக்கம்.

அந்தக் கரையில் அனர்த்தப் பாதுகாப்பு மண்டபம் ஒன்று கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியது. கீழே தூண்கள், மேலே பெரிய கூடம். புயலோ கடலோ வந்தால் சனம் ஏறி நிற்கலாம். மேட்டுக்குத் தெற்கே, தோணா ஓடை கடலில் விழும் இடத்துக்கு அருகிலுள்ள தாழ்ந்த தரவை நிலத்தில் கட்டப்போவதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அரசாங்கப் பணம் வெளியே வருவதற்கு முன் ஒரு மீளாய்வு நடக்க வேண்டும். அந்த இடத்திலும் சுற்றுவட்டத்திலும் கட்டடத்தால் இயற்கைக்குக் கேடு உண்டா, பழமையான ஏதாவது அழியுமா என்று பார்த்து எழுத வேண்டும். அது நல்ல விதி. அதை எழுதியவர் எவரோ, யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்.

செய்தி வந்த அன்று, அஸர் தொழுகை முடிந்து பள்ளி முற்றத்தில் கூடியிருந்தபோது, நம்பிக்கையாளர் சபைத் தலைவர் சாலிஹ் ஹாஜியார் கதையைத் தொடங்கினார்.

"வட்டான, பழைய சாமான் ஏதும் இரிக்கா எண்டும் கேப்பானுகளாம்."

"கேப்பானுகள். கேக்குறதுக்குத்தானே வாறானுகள்," என்றார் முகைதீன்பாவா. "ஹாஜியார், ஒங்கட குசினிச் சுவருக்கும் மேட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"ஒரு கல்லெறி தூரமும் இல்ல."

"என்ட வயல்ல கல்லுக் கிடந்த இடம் ஒரு பாய் விரிக்கக் காணும். கயிறு புடிச்ச இடம் முழு வயல். அங்க வயல், இங்க ஊடு. கயித்துக்கு ரெண்டும் ஒண்டுதான்."

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப ஹாஜியார ஒளிச்சி வைக்கணும். ஆளும் பழசு. கண்டா நெத்தியில பலகை அடிச்சிருவானுகள்."

"என்னயப் பாதுகாக்க எந்த அரசாங்கமும் வராது, பயப்புடாதீங்க," என்றார் ஹாஜியார். முற்றம் சிரித்தது.

அந்தச் சிரிப்போடு காரியம் முடிவாகிவிட்டது. மீளாய்வுக்காரர்கள் வரும் முன் முருகைக்கல் மீசான்களைச் சாய்த்து மணலால் மூடினார்கள். மர மீசான்களை அவரவர் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். முகைதீன்பாவா கடைசியாகப் போனார். பலகையை அசைத்துப் பார்த்தார், அது இறுகியிருந்தது. குந்தியிருந்து சுற்றிலும் மணலை வாரி, இரண்டு கையாலும் பிடுங்கினார். இரண்டாகக் கவைத்து நின்ற ஒரு தாழையை இடத்துக்கு அடையாளமாக மனதில் வைத்துக்கொண்டார். மீளாய்வுக்காரர்கள் போனதும் திரும்பக் கொண்டுவந்து நட்டுவிடலாம் என்று எண்ணினார். பலகையைச் சாக்கில் சுற்றி, றாஹிலா காணாமல், தன் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

மீளாய்வுக்காரர்கள் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் வந்தார்கள். ஊசியாய்க் குத்தும் மணல். மேலதிகாரிகளான பெரியவர்கள் இருவரும் வான் வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செவ்விளநீர் குடித்தார்கள். இறங்கி வந்தவன் ஜுனைட். அதே ஊர்ப் பையன். சூழலியல் படித்து, மீளாய்வை எடுத்திருந்த நிறுவனத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தான். கையில் கண்ணாடிப் பலகைபோல ஒரு கருவி.

அவன் கேட்டான். முகைதீன்பாவா ஒன்றுமில்லை என்றார். ஜுனைட் உடனே எழுதவில்லை.

"மாமா, உம்மாட தங்கச்சி, என்ட சாச்சி, அவவையும் இங்கதான் வெச்ச எண்டு உம்மா சொல்லுவா."

"ஒங்கட உம்மா எந்த இடம் எண்டு காட்டினாவா?"

"இல்ல."

"அப்ப?"

"நான் சும்மா கேக்குறன். எனக்கு ஆரும் சொல்லித் தந்தாத்தான் எழுதலாம். நானா எழுத ஏலாது."

"நான் சொல்றன்தானே. ஒண்டும் இல்ல."

"மெய்யா மாமா?"

"தம்பி, ஒங்களுக்கு வேல வேணுமா, வழக்கு வேணுமா?"

வானிலிருந்து ஹோர்ன் அடித்தார்கள். ஜுனைட் கருவியை நீட்டினான். முகைதீன்பாவா கண்ணாடியில் விரலால் ஒப்பம் வைத்தார். உண்மை தெரிந்த இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பொய் முறைப்படி பதிவானது. அது மெய்யா என்று பார்ப்பது யாருடைய வேலை? வானுக்குள் இருந்தவர்களுடைய வேலை. அவர்களுக்குக் கூலி கொடுத்ததே அதற்குத்தான். மேட்டில் ஏறி ஒரு காலால் மணலைக் கிளறியிருந்தாலும் முருகைக்கல் தெரிந்திருக்கும். தாழை வேரைப் பார்த்திருந்தாலும் மேடு ஏன் நிற்கிறது என்று விளங்கியிருக்கும். இளநீர்க் கோம்பையைச் சன்னலால் எறிந்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகும் முகைதீன்பாவா பலகையைத் திரும்ப நடவில்லை. இன்னொரு முறை வருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அங்கீகாரம் வரட்டும் என்று ஹாஜியார் சொன்னார். கச்சான் அடித்து ஓய்ந்தது. மாரி வந்தது, தோணாவின் வாய் உடைத்துக் கடலுக்கு ஓடியது.

மாரி ஓய்ந்த ஒரு காலையில், கடைக்குப் போன றாஹிலா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முன்னறை வாசலில் நின்றாள்.

"வாப்பா, றோட்டு மொனையில அறிவிப்பு போட் போட்டிரிக்கானுகள். பாத்தீங்களா?"

"மண்டபத்துட போட்டா?"

"ஓம். வடிவான படம். மாடிப்படி இரிக்கி, கலர் கலரா ஆக்கள் நிக்கிறாங்க." அவள் குரல் உயரவில்லை. "மேட்டத்தான் காணல்ல."

அவர் போய்ப் பார்த்தார். படத்தில் மண்டபம் தரவையில் இல்லை. மேடு இருந்த இடத்தில் இருந்தது. மேடு மட்டமாக்கப்பட்டு, வாகனம் நிறுத்தும் முற்றமாகியிருந்தது.

காரணத்தைக் கந்தோரில் மரியாதையாகவே விளக்கினார்கள். தரவை நிலம் வெள்ளம் பாயும் இடம், அங்கே கட்டக் கூடாது என்று மீளாய்வு கண்டுபிடித்திருக்கிறது. அது சரி. அருகிலுள்ள மேட்டில் இயற்கைப் பெறுமதியோ மரபுரிமையோ எதுவும் இல்லை. ஆகவே அதை வெட்டி மட்டமாக்கிக் கட்டலாம், மிஞ்சும் மணலைத் தரவையில் நிரப்பலாம் என்று அதே மீளாய்வு எழுதியிருக்கிறது. ஒன்றுமில்லாத இடம் என்று ஊரே சொன்னதால்தான் அந்த இடம் தெரிவாகியிருக்கிறது. முகைதீன்பாவா வீடுகளைக் காப்பாற்றச் சொன்ன பொய், மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்துக்கு வழி காட்டியிருக்கிறது.

அடுத்த அலை வந்தால் சனம் ஏறிப் பிழைப்பதற்காக, போன அலையில் சனம் ஏறிப் பிழைத்த மேட்டை வெட்டப்போகிறார்கள். இந்த வசனத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். இதில் எந்த இடத்திலும் ஒரு தீயவன் இல்லை. ஒப்பம் வைத்தவர், எழுதியவன், திட்டம் வரைந்தவர், அங்கீகரித்தவர் எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்தவர்கள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது றாஹிலா குசினி வாசலில் இருந்தாள்.

"உம்மாட மீசான் எங்க வாப்பா? கன நாளைக்குப் பொறகு இப்பத்தான் மேட்டுக்குப் போய் வாறன்."

அவர் கட்டிலுக்கு அடியில் இருந்து சாக்கை இழுத்து வந்து அவிழ்த்தார். அவள் பலகையைப் பார்த்தாள். தொடவில்லை.

"புடுங்கினது ஆரு?"

"நான்தான்."

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ஒன்ட ஊட்டுக்காகத்தான் மகள். பழைய கபுறு எண்டு தெரிஞ்சா கயிறு புடிப்பானுகள். நம்மட குசினி வரைக்கும் வரும்."

"என்ட ஊடு எண்டா என்னட்டத்தானே கேக்கணும்? என்ட உம்மா எண்டாலும் என்னட்டத்தானே கேக்கணும்?"

"நாளைக்கு ஆட்சேபன சொல்ற கூட்டம் இரிக்காம். நான் போய் மெய்யச் சொல்லவா?"

றாஹிலா எழும்பிப் போய் உலையை வைத்தாள்.

மறுநாள் காலையில் சாலிஹ் ஹாஜியார் வேலியோரம் வந்து நின்றார். "வட்டான, வாயத் தொறக்காதீங்க. மையத்துகள மரியாதையா எடுத்துப் பெரிய மையவாடிக்குக் கொண்டுபோவம். மண்டபமும் வரும், ஊடுகளும் மிஞ்சும்."

"எந்த மையத்த எடுப்பீங்க ஹாஜியார்? எந்த இடத்தில ஆரு இரிக்கா எண்டு தெரியுமா?"

"அத அல்லாஹ் பாத்துக்குவான்."

"அல்லாஹ் பாத்துக்குவான். பெக்கோக்காரன் பாப்பானா?"

ஹாஜியார் கோபித்துக்கொண்டு போனார். அவருடைய பயம் போலிப் பயம் அல்ல. கயிறு எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே முகைதீன்பாவாதான்.

கூட்டம் ஒரு பொது மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் வலது பக்கம். மேசைக்குப் பின்னால் மீளாய்வு நிறுவனத்தின் அதிகாரி; பக்கத்தில் தலையைக் குனிந்தபடி ஜுனைட். றாஹிலா வந்திருந்தாள். தகப்பனோடு வரவில்லை, தனியாக வந்து பெண்கள் வரிசையின் ஓரத்தில் இருந்தாள்.

முகைதீன்பாவா எழும்பினார். மேட்டில் கபுறுகள் இருப்பதாகச் சொன்னார்.

அதிகாரி திரையைத் தட்டிப் பார்த்தார். "ஐயா, ஒன்றுமில்லை என்று ஒப்பம் வைத்தவர் நீங்கள்தானே?"

"ஓம்."

"இப்ப இருக்கிறது என்கிறீர்கள். நாங்கள் எதை நம்புவது?"

"இப்ப சொல்றத்த நம்புங்க."

"அப்ப அன்றைக்குச் சொன்னது பொய்?"

"பொய்தான்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் புன்னகைத்தார். "பொய் சொன்னதற்கு என்ன காரணம்?"

முகைதீன்பாவா வயலைப் பற்றிச் சொன்னார். பசளைப் பையில் கல்லைக் கொண்டுபோனதை, ஜீப் வந்ததை, பலகையை, ஆளுயரப் புல்லை. வரம்பில் நின்று ஏசும் அதே குரலில் சொன்னார். "மெய் சொன்னவன்ட வயல வந்து பாருங்க. பாத்துட்டு, என்னத்துக்குப் பொய் சொன்ன எண்டு கேளுங்க."

"அது வேறு திணைக்களம் ஐயா. எங்களுக்குச் சம்பந்தம் இல்லை."

பறிக்கும்போது அரசாங்கம் ஒன்று. நியாயம் கேட்கும்போது அது நூறு துண்டாகிவிடும். நாம் பிடிக்கும் துண்டு எப்போதும் சம்பந்தமில்லாத துண்டாகத்தான் இருக்கும்.

அதிகாரி குரலைத் தணித்தார். அந்தத் தணிந்த குரல்தான் எல்லாவற்றிலும் மோசமானது. "யோசித்துச் சொல்லுங்கள் ஐயா. பழைய கபுறுகள் இருக்கிறது என்று நான் எழுதினால், உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் எல்லை போடுவார்கள். பக்கத்து வளவுகளும் அதற்குள் வரலாம். யாருடைய வீடு முதலில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். இதை உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன்."

சாலிஹ் ஹாஜியார் முகைதீன்பாவாவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். வட்டவிதானையாக இருந்த அத்தனை காலத்திலும் அவர் பிறர் முன்னால் சொல் தடுமாறியதில்லை என்பார்கள். அன்று தடுமாறினார். மெல்லக் கதிரையைப் பிடித்தார்; உட்காரப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அந்த ஊடு என்ட பேரில இரிக்கி."

றாஹிலா எழும்பி நின்றாள். சால்வையை ஒரு கையால் பிடித்திருந்தாள். "முதல்ல வாற ஊடு எண்டு சொன்னீங்களே, அதான். வாப்பாட்டக் கேக்காதீங்க. அவருக்கு அதில ஒரு சுவரும் இல்ல."

"தங்கச்சி, நீங்கள்..."

"எழுதுங்க. என்ட உம்மா அந்த மேட்டில இரிக்கா. நான் உசிரோட நிக்கிறதும் அந்த மேட்டாலதான். எல்ல போடுறவனுகள் வரட்டும். குசினிக்குள்ள வந்தாலும் வரட்டும். நான் சோறாக்கிக்கொண்டு இரிப்பன், வந்து கயிறு புடிக்கட்டும். இதையும் எழுதுங்க."

பெண்கள் வரிசையில் இன்னொருத்தி எழும்பினாள்; தன் தம்பியின் பெயரைச் சொன்னாள். பிறகு வேறொருத்தி. பெயர்கள் வந்துகொண்டிருந்தன. மர மீசான்களை வீட்டுக்குக் கொண்டுபோன ஆண்கள் பேசாமல் இருந்தார்கள். ஜுனைட் குனிந்து எழுதினான். தன் சாச்சியின் பெயரை யாரும் சொல்லாமலே எழுதினான்.

வேலை நிறுத்தப்பட்டது. இதை வெற்றி என்று கொண்டாடியவர்கள் ஊரில் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை மீளாய்வு செய்ய உத்தரவு வந்தது, அவ்வளவுதான். கபுறுகள் உள்ள பகுதியை மட்டும் சரியாக அடையாளம் கண்டு வேலி போட்டுவிட்டு, மிச்ச மேட்டை வெட்டலாமா என்று பார்ப்பது அதன் நோக்கம்.

முருகைக்கற்களைத் தோண்டி எடுத்து நிமிர்த்தினார்கள். அவை கனமானவை; அசையாமல் கிடந்தன. மரத்தைப் பிடுங்கியவர்களுக்குத்தான் சிக்கல். ஜுனைட் சிவப்புச் சாயம் பூசிய முளைகளோடு வந்தான். இந்த முறை பெரியவர்களும் மேட்டில் ஏறினார்கள்.

முகைதீன்பாவா பலகையோடு நின்றார். கவைத்த தாழையைத் தேடினார். கச்சான் மணலை வாரி ஒரு பக்கம் குவித்திருந்தது. மாரி இன்னொரு பக்கத்தை அரித்திருந்தது. கவைத்த தாழைகள் பல இருந்தன. அவர் ஒன்றின் அடியில் நின்றார், பிறகு அடுத்ததுக்கு நடந்தார், திரும்பி வந்தார். றாஹிலா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடமா மாமா?" என்றான் ஜுனைட்.

"தெரியாது தம்பி."

"ஒரு இடத்தக் காட்டுங்க. கிட்டத்தட்ட எண்டாலும் காணும். முளைய அடிச்சா வேல முடிஞ்சிரும்."

"தெரியாத இடத்தில அடிச்சா அது ரெண்டாவது பொய். தெரியாது எண்டு எழுதுங்க."

"தெரியாது எண்டு போட இதில இடம் இல்ல மாமா. ஓம், இல்ல, ரெண்டுதான் இரிக்கி."

"அப்ப இடம் உண்டாக்குங்க."

ஜுனைட் பெரியவர்களைப் பார்த்தான். அவர்கள் கடலைப் பார்த்தார்கள். கடைசியில், குறிப்பு எழுதுவதற்கு இருந்த ஒரு மூலையில் அவன் எழுதினான்: கபுறுகள் உண்டு, எங்கெங்கே என்று அறிய முடியவில்லை, ஆகவே மேட்டின் எந்தப் பகுதியையும் வெட்டலாம் என்று சொல்ல இயலாது. வாசித்தும் காட்டினான். முகைதீன்பாவா தலையசைத்தார். ஒப்பம் கேட்டபோது மட்டும் றாஹிலாவைப் பார்த்தார். அவள் ஓம் என்றாள். பிறகுதான் விரலை வைத்தார்.

மண்டபம் எங்கே வரும் என்று இன்னும் முடிவாகவில்லை. வர வேண்டும், அடுத்த மார்கழியைக் கடல் யாரிடமும் கேட்டுக்கொண்டு அனுப்பாது. மேடு நிற்கிறது. எல்லை போடுகிறவர்கள் சொன்னபடியே வந்தார்கள். முளைகள் மேட்டைச் சுற்றி வந்து றாஹிலாவின் வளவுக்குள் நுழைகின்றன; ஒன்று குசினிக்குப் பின்னால் நிற்கிறது. முடிவு வரும் வரைக்கும் அங்கே எதையும் கட்டவோ இடிக்கவோ கூடாது. முடிவு வருவதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை முகைதீன்பாவாவிடம் கேட்டால் சொல்வார். அவருக்கு அந்த அனுபவம் உண்டு.

பலகை இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை. முன்னறைச் சன்னலோரம், மேடு தெரியும் பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறார். றாஹிலா ஒருநாள் அதன் தூசியைத் துடைத்தாள். பிறகு நனைந்த உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். கொடிக் கயிற்றின் ஒரு முனை முருங்கையில் இருந்தது. மற்ற முனையைச் சிவப்பு முளையில் இறுக்கிக் கட்டினாள்.

"அது அரசாங்கத்துட முளை மகள்," என்றார் முகைதீன்பாவா.

"தெரியும். நல்லா ஊண்டியிரிக்கானுகள்."